களம் கண்டவன் கவிதை

தோழனே,

கேடயத்தைக் களத்திலே போட்டுவிட்டு, உயிரைக் கையிலே பிடித்துக்கொண்டு ஓடிவந்த ஒருவன், பிறகு ஊரிலே அமர்ந்து, நாட்டுக்காக மடிவதன் இனிமையைப் பாட்டாக்கினான். நான் கதை கட்டவில்லை. ஹோரேஸ் என்ற உரோமப் பெருங்கவிஞனின் வரலாறு இது. கி.மு. 42-இல், பிலிப்பைக் களத்தில், புரூட்டசின் படையிலே நின்றவன் அவன். படை முறிந்தது, கேடயம் கைநழுவியது, கால்கள் தப்பின. பகைவர் கட்டிவிட்ட பழியல்ல இது, தன் பாட்டொன்றில் அவனே சொல்லிக்கொள்ளும் செய்தி.

ஓடியதற்காக அவனைக் குறைகூற மாட்டேன். ஓடியதால் அவன் பிழைத்தான், உலகுக்குக் கவிதை கிடைத்தது. ஆனால் அந்த இனிமை வரி இருக்கிறதே, அது அவனோடு சாகவில்லை! நூற்றாண்டுகளைத் தாண்டி வந்தது. இங்கிலாந்திலே இலத்தீன் பயின்ற சீமான் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாலோடு புகட்டப்பட்டது. மனப்பாடம் செய்த பிள்ளைகள் வளர்ந்தார்கள். 1914 வந்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள், இலண்டனில் வெலிங்டன் மாளிகை என்ற கட்டடத்தில் ஒரு கூட்டம். கூட்டியவர் சார்லஸ் மாஸ்டர்மன் என்ற அமைச்சர். கூடியவர்கள் படைத்தலைவர்களா? அல்லர், எழுத்தாளர்கள்! துப்பறியும் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில் வந்தார். எச்.ஜி. வெல்ஸ் வந்தார். ஆர்னால்ட் பென்னட் வந்தார். துப்பாக்கிக்குத் தோட்டா வார்க்க ஆலைகள் இருந்தன; உள்ளத்துக்குத் தோட்டா வார்க்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதற்காக அந்த அழைப்பு.

அழைக்காமலே வந்தவர்களும் உண்டு. ஜெஸ்ஸி போப் என்றொரு அம்மையார், 'டெய்லி மெயில்' நாளேட்டில் நாள் தவறாமல் என்று சொல்லத்தக்க அளவுக்குப் பாட்டெழுதிக் குவித்தார். போரைப் பந்தாட்டமாக்கி, ஆட வருகிறவன் யார், வீட்டுக்குள் பதுங்குகிறவன் யார் என்று இளைஞர்களை உசுப்பிய பாட்டு அவருடையது. எழுதிய விரலில் மை பட்டிருக்கும், இரத்தம் படவில்லை. ரூபர்ட் புரூக் என்ற இளங்கவிஞர், தம் கல்லறை அயல்மண்ணில் அமைந்தாலும் அது தாயகமே என்ற பொருளில் பாடினார். 1915 ஏப்ரல் 4-ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, செயின்ட் பால் பேராலயத்தில் அது படிக்கப்பட்டது. அதே மாதம் 23-ஆம் நாள், கல்லிப்போலிக் களத்தை எட்டுமுன்பே, கொசுக்கடி நஞ்சாகி, மருத்துவக் கப்பலில் அவர் மாண்டார். ஆன்ட்வெர்ப் பின்வாங்கலைக் கண்டதோடு அவருடைய போர் முடிந்தது. அவர் வாழ்ந்து அகழியைக் கண்டிருந்தால் அதே பாட்டைத்தான் பாடியிருப்பாரா? யாரறிவார்!

அகழி என்றால் என்ன? நம் ஊர்க் கோட்டை அகழியை நினைத்துக்கொள்ளாதே. அல்லியும் தாமரையும் பூத்த நீர்நிலையன்று அது. ஆள் உயரத்துக்கு வெட்டிய சேற்றுக்குழி. மேலே மழை, கீழே எலி, உடம்பெல்லாம் பேன். ஊறிய காலணிக்குள் பாதம் அழுகும். எதிரே முள்வேலி. அதற்கும் அப்பால், உன்னைப் போலவே ஊறிக் கிடக்கும் இன்னொருவன். அவன் பெயர் பகைவன். ஊதல் ஒலித்ததும் மேலேறி, இயந்திரத் துப்பாக்கியை நோக்கி நடக்கவேண்டும். 1916 ஜூலை முதல் நாள், சோம் ஆற்றுப் பக்கம், பிரிட்டிஷ் படை அப்படி நடந்தது. அந்த ஒரே நாளில் வீழ்ந்தவர், புண்பட்டவர், காணாமற் போனவர் 57,470 பேர். அவருள் பிணமானவர் 19,240 பேர். பந்தாட்டம், தோழனே, பந்தாட்டம்!

நாடகம் எழுதுகிறவன் நான். மேடையிலே எத்தனையோ பேரைச் சாகவைத்திருக்கிறேன். செத்தவன் திரை விழுந்ததும் எழுந்து, வேட்டித் தூசியைத் தட்டிவிட்டுத் தேநீர் கேட்பான். சாகுமுன் அவனுக்கு நான் அரைப்பக்க வசனம் தருவேன், கொட்டகை கைதட்டும். சோம் ஆற்றங்கரையிலே செத்தவனுக்கு வசனம் பேச வாய் இருந்ததா? பாதிப் பேருக்குத் தாடையே இருந்திருக்காது. அந்த வாயற்றவனுக்கு வாயாக வந்தது எது? அவனோடு அதே சேற்றில் கிடந்த தோழன் எழுதிய கவிதைதான்.

வில்பிரட் ஓவன் அவர்களில் ஒருவன். இரயில்வேயில் வேலைபார்த்தவரின் மகன். 1893-இல் பிறந்தவன். இலண்டன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்விலே தேறியும், உதவித்தொகை பெறும் அளவுக்கு மதிப்பெண் இல்லை, கட்டணம் கட்ட வீட்டில் பணமில்லை, பட்டம் எட்டாக்கனியாயிற்று. (கல்லூரியைக் கடக்காதவர்களிடம் எனக்குத் தனிப்பரிவு உண்டு, காரணம் நீ அறிந்ததே.) 1915-இல் படையிலே சேர்ந்தான். 1917 தொடக்கத்தில் பிரான்சின் களத்துக்குப் போனான். சில மாதங்களில் குண்டதிர்ச்சியால் நரம்பு குலைந்து, ஸ்காட்லாந்தில் எடின்பரோ அருகேயுள்ள கிரெய்க்லாக்கர்ட் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டான். அங்கே அவன் எழுதியவைதாம் இன்றைக்கும் நெஞ்சை உலுக்குகின்றன.

ஒரு கவிதையைச் சொல்லுகிறேன். களைத்த சிப்பாய்கள் களத்திலிருந்து திரும்புகிறார்கள். வீரநடை இல்லை, தள்ளாட்டம். திடீரென நச்சுப்புகை! எல்லாரும் முகமூடியைத் தேடி மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவனுக்கு மட்டும் நொடிப்பொழுது தவறிவிடுகிறது. அவன் திணறுவதைக் கண்ணாடி வழியே காண்கிறான் கவிஞன், கனவிலும் காண்கிறான். வண்டியிலே தூக்கிப்போட்ட அந்த உடலின் பின்னே நடக்கிறான். பிறகுதான் முகத்தைத் திருப்புகிறான், யாரை நோக்கி? பகைவனை நோக்கியன்று, ஊரிலே அமர்ந்து பிள்ளைகளுக்கு வீரம் ஊட்டுகிறவரை நோக்கி! இந்தக் காட்சியை நீ கண்டிருந்தால், ஹோரேஸின் வரியை ஆர்வத்தோடு சொல்லிக்கொடுப்பாயா என்று கேட்கிறான். கவிதையின் தலைப்பே அந்த இலத்தீன் வரியின் தொடக்கம்தான். கைப்படியிலே முதலில் அவன் எழுதிய காணிக்கை ஜெஸ்ஸி போப்புக்கு! பிறகு பெயரை அடித்துவிட்டான். ஏன் அடித்தான்? பெயரை அடித்ததால் குற்றம் ஒருவரோடு நில்லாமல் ஊர்முழுதும் பரவிற்று என்பது என் எண்ணம்.

இந்தக் கவிதைகளின் வலிமை எங்கே இருக்கிறது? ஒப்பாரி வைத்ததாலா? இல்லை. ஓவன் கத்தவில்லை, காட்டுகிறான். அவனுடைய யாப்பைக் கவனி. எதுகை, இயைபு என்று நாம் சொல்லும் ஓசைநயம் ஆங்கிலப் பாட்டின் அடியிறுதியில் வரும். காது அதை எதிர்பார்த்து நிற்கும். ஓவன் பல பாடல்களில் அந்த இயைபை முழுதாக்குவதில்லை. மெய்யெழுத்தொலி ஒத்துவரும், உயிரொலி விலகிப்போகும். படி ஏறும்போது கடைசிப் படி இல்லாததுபோல் ஒரு துணுக்குறல். போர் முறித்துப்போட்ட உலகத்தை, முறிந்த ஓசையாலேயே உணர்த்திவிட்டான். கைதேர்ந்த கவிஞன் மட்டுமே இப்படித் தவறி விழுவதுபோல் நடக்க முடியும்.

வேறொரு கவிதையில் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கிறான் ஓர் இளைஞன். மாலை நேரம். பூங்காவிலே சிறுவர் விளையாடும் ஒலி. இவனுக்குக் கால்கள் இல்லை. ஏன் போனான் படைக்கு? நாட்டுப்பற்றா? பகைவர்மேல் வெறியா? பந்தாட்டத்தில் வென்ற நாள், குடித்த மயக்கம், சீருடையில் அழகாய் இருப்பாய் என்று யாரோ சொன்ன சொல், ஒரு பெண்ணின் புன்னகை. வயதைப் பொய்யாகச் சொன்னான், எழுதிக்கொண்டார்கள். போகும்போது மேளதாளம். திரும்பியபோது? இரவுக் குளிரில், தன்னைத் தூக்கிப் படுக்கையில் இட யாராவது வரமாட்டார்களா என்று காத்திருக்கிறான். கவிதை முடிகிறது. இதிலே எங்கேனும் 'போர் ஒழிக' என்ற முழக்கம் உண்டா? தேவைப்படவில்லை.

ஓவனுக்கு அந்த மருத்துவமனையில் வாய்த்த நண்பன் சீக்பிரிட் சசூன். செல்வக் குடும்பத்துப் பிள்ளை. களத்திலே துணிச்சலுக்குப் பதக்கம் பெற்றவன். 1917 ஜூலையில் அவன் ஓர் அறிக்கை விடுத்தான். தற்காப்புக்கும் விடுதலைக்கும் என்று தொடங்கிய போர், பிடிக்கவும் அடக்கவும் நடக்கும் போராகிவிட்டது; முடிக்க வல்லவர்களே வேண்டுமென்று நீட்டுகிறார்கள்; இனி இதிலே பங்கில்லை என்பது அதன் சாரம். பகுத்தறிவாளர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் அந்த முயற்சிக்குத் துணைநின்றார். ஜூலை 30-இல் அறிக்கை பாராளுமன்றத்திலேயே படிக்கப்பட்டது. ஆள்வோருக்குச் சிக்கல்! பதக்கம் பெற்ற வீரனைக் கோழை என்று சொல்ல முடியாது. இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினால் ஊர் கேட்கும். வழி கண்டார்கள்: அவனுக்கு நரம்புத் தளர்ச்சி, மருத்துவமனைக்கு அனுப்புங்கள்! உண்மை பேசியவனுக்குப் பைத்தியப் பட்டம். இந்தச் சூழ்ச்சியை எத்தனை நாடுகள் எத்தனை முறை செய்திருக்கின்றன, எண்ணிப்பார்.

அங்கே சசூனுக்கு மருத்துவம் பார்த்தவர் யார் தெரியுமா? டாக்டர் ரிவர்ஸ். நீலகிரி மலைக்கு 1901-02இல் வந்து, தோடர்களோடு பழகி, 1906-இல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டாரே, அந்த ரிவர்ஸ்தான். எருமை மந்தைகளின் நடுவே மாந்தரின் மனத்தைப் படித்தவர், குண்டோசையில் சிதைந்த மனங்களை ஒட்டவைக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தார். கொடுமை எது தெரியுமா? அவர் நல்லவர்; பரிவோடு குணப்படுத்தினார்; குணமானவர்கள் மறுபடி களத்துக்கு அனுப்பப்பட்டார்கள். மனம் தேறினால் மரணத்துக்குத் தகுதி! தேறாமல் களத்திலே நடுங்கி ஓடியவர்களுக்கோ விடியலில் கம்பமும் துப்பாக்கியும். அப்படிச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பிரிட்டிஷ், காமன்வெல்த் வீரர்களுக்கு 2006-இல்தான் மன்னிப்பு வழங்கியது அரசு. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து!

சசூனின் பாட்டு ஒன்று. மகனை இழந்த தாயிடம் ஓர் அதிகாரி வருகிறான். உங்கள் மகன் வீரமாக மாண்டான் என்கிறான். கிழவி பூரிக்கிறாள். பேசும்போதே அந்த அதிகாரிக்கு இருமல் வருகிறது, வெட்கம் வருகிறது. அந்தப் பையன் அஞ்சி நடுங்கி, எப்படியாவது ஊர் திரும்பத் தவித்து, கடைசியில் துண்டு துண்டாகச் சிதறியதை அவன் அறிவான். பொய் சொல்லித்தான் தாயைக் காப்பாற்ற முடிகிறது.

இதைப் படிக்கும்போது புறநானூற்றுத் தாய் என் நினைவுக்கு வராமல் இருப்பாளா? காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதியவள்; மகன் புறங்காட்டி மாண்டான் என்ற சொல் கேட்டு, வாளோடு களம் புகுந்து, பிணங்களைப் புரட்டி, அவன் சிதைந்து வீழ்ந்து கிடப்பதைக் கண்டு மகிழ்ந்தவள். அவளை நாம் மேடைதோறும் அழைத்துவருகிறோம். கைதட்டல் உறுதி, நானும் அறிவேன். ஆனால் தோழனே, அதே புறநானூற்றில் கோவூர் கிழாரும் இருக்கிறாரே, அவரை ஏன் மேடைக்கு அழைப்பதில்லை? நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டான். நெடுங்கிள்ளி உள்ளே அடைந்து கிடந்தான். இருவரும் சோழர். இடையே போய் நின்றார் புலவர். எதிரே நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனல்லன், வேப்பம்பூச் சூடிய பாண்டியனல்லன், இருவர் கண்ணியும் ஆத்தியே. எவர் தோற்றாலும் தோற்பது உம் குடியே என்று இடித்துரைத்தார். வாளுக்கு நடுவே வெறுங்கையோடு நின்ற அந்தப் புலவனுக்குத் துணிவு குறைவா? நெடுநல்வாடையைப் புரட்டிப் பார். நள்ளிரவில், வாடைக்காற்றில், புண்பட்ட வீரரை ஒவ்வொருவராகப் பார்த்து வரும் மன்னனை நக்கீரர் காட்டுகிறார். வீரம் பாடிய நம் முன்னோர் புண்ணையும் பாடினார்கள். ஒரு வேறுபாடு உண்டு: அங்கே பெரும்பாலும் புலவன் பார்த்துப் பாடுகிறான், 1914-க்குப் பிந்திய களத்திலே புண்பட்டவனே எழுதுகிறான்.

எழுதியவர்கள் அதிகாரிகள் மட்டுமா? ஐசக் ரோசன்பர்க்கை மறக்காதே. யூத அகதிக் குடும்பம். இலண்டன் கிழக்கு முனையின் ஏழைத்தெரு. செதுக்குவேலை பழகிய கை. நாட்டுப்பற்றால் அவன் படையிலே சேரவில்லை. போரை எதுவும் நியாயப்படுத்தாது என்று எண்ணியவன். ஊதியத்தில் ஒரு பங்கு தாய்க்குப் போகுமே, அதற்காகச் சேர்ந்தான். உயரம் குறைவு என்று குள்ளர் படைப்பிரிவில் தள்ளப்பட்டான். சாதாரணச் சிப்பாயாகவே இருந்து, 1918 ஏப்ரல் முதல் நாள் அராஸ் அருகே மாண்டான். அவனுடைய விடியற்காலைக் கவிதையிலே ஓர் எலி வருகிறது. ஆங்கிலேயன் கையைத் தொட்டுவிட்டு, வேலிகடந்து ஜெர்மானியன் கையையும் தொடப்போகும் எலி. எல்லை இல்லை அதற்கு, பகை இல்லை அதற்கு. வலுவான உடல்படைத்த இளைஞர்களைவிட வாழும் வாய்ப்பு அதற்கே அதிகம். பசிக்காகப் படைக்குப் போனவனால்தான் இந்த எலியைக் காண முடிந்தது.

பசிக்காகப் போனவர்கள் நம் பக்கமும் உண்டு. அந்தப் போரில் கடல்கடந்து சென்ற இந்தியச் சிப்பாய்கள் பத்து இலட்சத்துக்கும் மேல். மாண்டோர் 74,000-க்கும் மேல். பிரான்சில் நவ்ஷாப்பேல் நினைவிடத்தில் மட்டும் 4,700-க்கும் மேற்பட்ட பெயர்கள். தங்கள் போரன்று; தங்களை அடிமையாக வைத்திருந்தவனின் போர்! வீட்டுக்கு அவர்கள் எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்தார்கள். அதற்குத் தப்ப, கறுப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளைச் சிப்பாய் என்று குறிமொழி வைத்துக்கொண்டார்கள் சிலர். மிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று எழுதினார்கள். 1915-இல் தணிக்கை அதிகாரி ஒருவர் மேலிடத்துக்கு எழுதிய குறிப்பைக் கேள்: இச்சிப்பாய்கள் கடிதங்களில் பாட்டாக எழுதத் தொடங்கிவிட்டார்கள், இது மனக்கலக்கத்தின் தீய அறிகுறி என்று அஞ்சுகிறாராம்! நம்மைக் கண்டு அவன் அஞ்சியதைக் கவனித்தாயா? துப்பாக்கியை நம் கையிலே கொடுத்தபோது அஞ்சாதவன், பாட்டு பிறந்ததும் அஞ்சினான்.

கவிஞர்களிலேயே இந்தக் கவிதையை ஏற்காதவர் உண்டு. 1936-இல் ஆக்ஸ்போர்டு கவிதைத் தொகுப்பைச் செய்தபோது யேட்ஸ் பெருங்கவிஞர், ஓவனை ஒதுக்கினார். வெறுமனே துன்பத்தைத் தாங்குவது கவிதைக்குப் பொருளாகாது என்பது அவர் காரணம். யேட்ஸின் புலமைக்குத் தலைவணங்குகிறேன்; இந்தத் தீர்ப்புக்கு வணங்க மாட்டேன். தாங்குவதைத் தவிர வேறு எதற்கும் வழியில்லாதபடி இலட்சம் இலட்சமாக மனிதர்களைக் குழிக்குள் அடைத்துவைத்தபின், அவன் தாங்குகிறானே, பொருதவில்லையே என்பதா? கையறுநிலை என்றே ஒரு துறை வகுத்த மரபிலே வந்தவர்கள் நாம். நமக்கு இந்த ஐயம் எழாது.

எதிர்ப்பக்கமும் இதே குரல்தான். கேயோர்க் டிராக்கல், ஆஸ்திரியப் படையிலே மருந்தாளன். 1914-இல் குரோடெக் சண்டைக்குப்பின், ஒரு கொட்டிலில் ஏறக்குறைய 90 படுகாயக்காரர்களைத் தனியாளாகக் கவனிக்க விடப்பட்டான். அவர்கள் அலறலைத் தணிக்க அவனிடம் மருந்தில்லை. சில வாரங்களில் கிராக்கோ மருத்துவமனையில், அளவுக்கு மீறிய போதைமருந்தால் அவனும் மாண்டான். 27 வயது.

இன்றைக்குத் தொலைக்காட்சி அரங்கிலே குளிர்காற்றில் அமர்ந்து, எல்லையை நோக்கி ஏவுகணையை அனுப்பு, படையை அனுப்பு என்று கூவுகிறவர்களைக் காண்கிறாய். அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப்பார்: உங்கள் பிள்ளை எந்தப் படைப்பிரிவில் இருக்கிறான்? கிப்ளிங்கின் கதை இதிலே தனிக்கதை. பேரரசின் பெருமுரசு அவர். கண்பார்வை குறைந்தவன் என்று படை தள்ளிய மகன் ஜானை, ராபர்ட்ஸ் பிரபுவின் செல்வாக்கால் ஐரிஷ் காவற்படையில் சேர்த்துவைத்தார். 1915 செப்டம்பரில் லூஸ் களத்தில் அந்தப் பிள்ளை காணாமற் போனான். 18 வயது. முரசறைந்த கை, அதன்பின் போர்க்கல்லறை ஆணையத்தில் அமர்ந்து, கல்லிலே பொறிக்கும் வாசகங்களைத் தேடிக்கொண்டிருந்தது. மகனின் உடலை அவர் கடைசிவரை காணவில்லை. கூவியவர் தம் பிள்ளையையும் அனுப்பினார் என்பதையாவது அவர் கணக்கில் வைக்கலாம்; இன்று கூவுகிறவர்களுக்கு அந்தக் கணக்கும் இல்லை.

ஓவனிடம் திரும்பிவருகிறேன். குணமடைந்தவன் ஊரிலேயே இருந்திருக்கலாம். 1918-இல் மீண்டும் களத்துக்குப் போனான். தன் ஆட்களின் துன்பத்தைச் சொல்ல, அவர்கள் நடுவே நின்றால்தான் முடியும் என்று எண்ணினான். பதக்கமும் பெற்றான். நவம்பர் 4-ஆம் நாள், ஓர்ஸ் என்ற சிற்றூரில் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் சுடப்பட்டு இறந்தான். 25 வயது. ஏழு நாள் கழித்துப் போர் நின்றது. நவம்பர் 11, ஷ்ரூஸ்பரி நகரில் வெற்றிமணிகள் முழங்கிக்கொண்டிருந்த வேளையில் தந்தி அவன் பெற்றோர் வீட்டுக்கு வந்தது. உயிரோடு இருந்தபோது அச்சேறியவை ஐந்தே கவிதைகள். 1920-இல்தான் சசூன் முன்னின்று நூலாக்கினான்.

அந்த 1920-இல் அவன் தாய் சூசன், இந்தியாவிலே ஒருவருக்குக் கடிதம் எழுதினாள். இரவீந்திரநாத் தாகூருக்கு. கடைசியாக விடைபெற்ற நாளில், வெயில் படர்ந்த கடலைப் பார்த்தபடி, பிரான்சுத் திசையை நோக்கி நின்று, மகன் தன்னிடம் சொன்னவை உங்கள் சொற்கள் என்று எழுதினாள். அவனுடைய சட்டைப்பைக் குறிப்பேடு வீடு வந்தபோது, அதிலே அவன் கையெழுத்தில் அந்தச் சொற்களும் அடியில் உங்கள் பெயரும் இருந்தன என்று எழுதினாள். அந்தப் பாட்டு முழுவதும் எந்த நூலில் கிடைக்கும் என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தாள்.